லவ்டேலில் இரண்டு இரவு: பள்ளி இயற்கை முகாம் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துகொள்ள

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது. "எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு லவ்டேலில் இயற்கை முகாம். மூன்று பகல், இரண்டு இரவு. விருப்பமுள்ள பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்." பார்த்ததும் வீட்டில் மூன்று கேள்விகள் எழும். எவ்வளவு பணம்? ரொம்பக் குளிருமா? ராத்திரி எதற்குத் தங்கணும், காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடக் கூடாதா?

முதல் இரண்டுக்கும் பள்ளியே பதில் சொல்லிவிடும். மூன்றாவதை நீங்கள்தான் கேட்க வேண்டும். முகாமின் தரம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். "பகலில் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், ராத்திரி கேம்ப் ஃபயர், டான்ஸ்" என்று பதில் வந்தால் அது சுற்றுலா. சுற்றுலாவில் தப்பில்லை, ஆனால் அதைச் சுற்றுச்சூழல் கல்வி என்று சொல்லிக் கட்டணம் வாங்க வேண்டியதில்லை. இரவில் மட்டுமே பார்க்க முடிகிற எதையாவது பிள்ளைகள் அளந்து, எழுதி, விவாதித்தால்தான் அங்கே தங்குவதற்கு அர்த்தம் உண்டு. லவ்டேலில் அப்படிப்பட்ட விஷயங்கள் நிறையவே இருக்கின்றன.

1991ஆம் ஆண்டு நவம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடப்புத்தகத்தில் அது வந்துவிட்டது. புத்தகத்தை விட்டு வெளியே வருவதற்குப் பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தேசிய இயற்கை முகாம் திட்டம் என்று பல வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு படி மேலே போய், ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வாரம் வெளியே தங்கிப் படிக்க லாட்டரிப் பணத்தை ஒதுக்கலாமா என்று 2016இல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். ஒதுக்கலாம் என்றே தீர்ப்பு வந்தது. நம் ஊரில் ஒரு பள்ளி இரண்டு இரவு அழைத்துப் போவதையும் அதே அக்கறையோடு பார்க்கலாம்.

ரயிலிலேயே முதல் பாடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில் பாதையில், கேத்தியைத் தாண்டி, உதகைக்கு முன்னால் வருவது லவ்டேல். சுமார் 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பக்கத்து நிலையமான கேத்தியை 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது, கூட வரும் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில் ஒரு வகுப்புக்கே இடம் கிடைப்பது சிரமம். குன்னூர் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து உதகை நோக்கிப் போகும் ரயிலைப் பிடித்து லவ்டேலில் இறங்குவது சுலபம். எப்படிப் போனாலும் கையில் ஒரு சாதாரண வெப்பமானி இருக்கட்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லவ்டேல் சுமார் 2,200 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் சுமார் 12 டிகிரி குறைய வேண்டும். குறைகிறதா? நிழலில் வைத்து, நிற்கும் இடமெல்லாம் அளந்து எழுதச் சொல்லுங்கள். கணக்கு அப்படியே வராது. மேகம், வெயில், நேரம் எல்லாம் குறுக்கே வரும். ஏன் வரவில்லை என்று பேசும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

உறைபனி: விடியும்முன் எழுந்தவருக்கு மட்டும்

லவ்டேலில் 1858ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு ஜனவரி மாதத்து விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடப்பது பழகிப்போன காட்சி. ஈரோட்டிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ பகலில் வந்து போகும் பிள்ளைக்கு அது கிடைக்காது. பத்து மணிக்குப் பேருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் கரைந்துவிடும்.

உறைபனி எப்படி வருகிறது? மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி தடுக்கும். இல்லாதபோது புல் நுனி, அதைச் சுற்றியிருக்கும் காற்றைவிடவே அதிகமாகக் குளிர்ந்துபோகிறது. ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே கீழே புல்லில் 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நேராகப் பனித் துகளாகப் படிகிறது. இன்னொன்றும் நடக்கிறது. குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். அது தண்ணீர் மாதிரி சரிவில் மெதுவாக இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் பள்ளத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து கருகும் நாளில், மேட்டுத் தோட்டம் தப்பித்துக்கொள்ளும். மேலே ஏறினால் குளிரும் என்று நேற்று ரயிலில் படித்தோமே, இது தலைகீழாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளை கேட்டால் முகாம் வெற்றி.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரே மாதிரி மூன்று வெப்பமானிகள். ஒன்றைப் பள்ளத்தில் புல் உயரத்தில் வையுங்கள், ஒன்றைச் சரிவின் நடுவில், ஒன்றை அடர்ந்த மரங்களுக்கு அடியில். வைக்கும் முன் மூன்றையும் ஒரே அறையில் அரைமணி நேரம் வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகள் இந்தச் சின்ன வேலையை விட்டுவிடுகின்றன, அப்புறம் எண்களை நம்ப முடிவதில்லை. பகல் வெளிச்சத்திலேயே இடம் குறித்து வைத்துவிட்டு, இரவு படுக்கும் முன் ஒரு தடவை, மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஒரு தடவை ஆசிரியரோடு போய்ப் பார்த்தால் போதும். குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி கிடைத்தால் இரவில் போகவே வேண்டாம்.

மரத்தடி வெப்பமானி பெரும்பாலும் மற்ற இரண்டையும்விடக் கூடுதலாகக் காட்டும். இலைகளின் கூரைதான் அங்கே போர்வை. இதிலிருந்து நீலகிரியின் பெரிய புதிர் ஒன்றுக்குள் போகலாம். இந்த மலையின் இயற்கையான தோற்றம், மடிப்புகளில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. சோலை மரத்தின் விதை திறந்த புல்வெளியில் முளைத்தால் உறைபனி அந்தக் கன்றைக் கொன்றுவிடுகிறது. புல்லுக்கு மேலே கருகினாலும் வேர் பிழைக்கும். அப்படியானால் குளிர் தேங்கும் மடிப்பிலேயே சோலை எப்படி நிற்கிறது? ஆழமான மண், ஓடைத் தண்ணீர், தன் கூரையே தனக்குப் போர்வை என்று காரணங்கள் சொல்கிறார்கள். தீயின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. விடை முடிவாகாத கேள்வியைப் பதின்மூன்று வயதில் கையில் கொடுப்பது நல்ல விஷயம். சுற்றிப் பார்த்தால் கற்பூர மரமும் சீகையும் பைன் மரமும்தான் அதிகம் கண்ணில் படும். எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. 'நீலகிரித் தைலம்' என்று நாம் பெயர் வைத்திருப்பதே ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெய்க்குத்தான்.

உண்மையான சோலை எப்படி இருக்கும் என்று பார்க்க கோத்தகிரி அருகே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காட்டுக்குப் போய் ஈரநிலப் பட்டியலில் இடமா என்று ஆச்சரியப்படலாம். கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு மாலை நேரத்தில் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்கு போடும் விவசாயி ஒருவரைப் பிள்ளைகளிடம் பேச வையுங்கள். உறைபனி நாளில் அதிகாலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டுத் தண்ணீர் தெளிப்பதையும், நாற்றுக்கு மேல் காய்ந்த புல் போடுவதையும் அவர் சொல்வார். வெப்பமானி காட்டிய அதே எண், அவருக்கு ஒரு போகத்தின் வருமானம்.

கைபேசி எதற்கு உதவும், எதற்கு உதவாது

"எதுக்கு வெப்பமானி, போனில்தான் டெம்பரேச்சர் காட்டுதே" என்று பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள். கைபேசி காட்டுவது நீங்கள் நிற்கும் பள்ளத்தின் வெப்பம் அல்ல. கணினி மாதிரி ஒன்று அந்த வட்டாரம் முழுவதற்கும் போட்ட கணக்கு. நூறு மீட்டர் தள்ளி இருக்கும் சரிவுக்கும் பள்ளத்துக்கும் அது வித்தியாசம் பார்க்காது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தகவலுக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கே புரிந்துவிடும்.

உதவும் இடங்களும் உண்டு. 'மெர்லின்' செயலி பறவையின் குரலைக் கேட்டு அது என்ன பறவை என்று ஊகித்துச் சொல்லும். கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் இந்தியப் பறவைத் தொகுப்பை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அது சொல்வதை அப்படியே நம்பாமல் பறவையைக் கண்ணாலும் பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். விடியற்காலையில் நீலகிரிச் சிரிப்பானின் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பார்த்ததை 'இ-பேர்ட்' தளத்தில் பதிவேற்றினால் அது ஆராய்ச்சிக்குப் பயன்படும் தகவலாகிறது. பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே தளத்தில்தான். செடி, பூச்சிகளுக்கு 'ஐநேச்சுரலிஸ்ட்' இருக்கிறது. குழுவுக்கு ஒரு கைபேசி போதும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் செல்ஃபிதான் மிஞ்சும்.

இரவு வானம் தெளிவாக இருந்தால் வடக்கே துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். நம்முடைய அட்சரேகை சுமார் 11 டிகிரி, அதனால் அதுவும் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய அந்த அளவு. வடக்கே மலை மறைத்தால் தெரியாது, இடம் மாறி நில்லுங்கள். இதே 11 டிகிரிக்காகத்தான் உதகை அருகே முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார்கள். விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப், வடக்கு தெற்காக 11 டிகிரி சரிவுள்ள மலை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அந்தக் கருவியை அமைத்தார். 1970இல் வேலை முடிந்தது. சரிவும் அட்சரேகையும் ஒன்றாக இருப்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. பார்க்க விரும்பும் பள்ளிகள் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்கும் இடம் அது. கைபேசி அலைகளே அதற்கு இடைஞ்சல்.

எந்த மாதம் போவது?

ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடிக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் பெய்தது. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம். 2009 நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் பதிவானது 82 சென்டிமீட்டர். அந்த மழையில் மாவட்டம் முழுக்க நிலச்சரிவு, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கேத்தி, லவ்டேலுக்கு அடுத்த ரயில் நிலையம் என்பதை நினைவில் வையுங்கள். அக்டோபர், நவம்பரில் முகாம் என்று படிவம் வந்தால் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம். அதோடு பிப்ரவரி நடுவில் தொடங்கிக் காட்டுத் தீ காலம். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்த் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் பார்த்தோம். ஆகவே ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் சரியான காலம். வானம் தெளிவு, உறைபனி நிச்சயம், பறவைகளும் உண்டு. குளிர் இருக்கும், அதற்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

அனுமதியும் இ-பாஸும்

பள்ளியிடம் மூன்று தாள்களைக் காட்டச் சொல்லலாம். கல்வி அலுவலரின் அனுமதி, தங்கும் இடத்தின் முன்பதிவு, வனப்பகுதிக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி. காப்புக்காட்டுக்குள் சொந்தமாகக் கூடாரம் அடிப்பது சட்டப்படி குற்றம். நடைப்பயணம் வேண்டுமென்றால் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்யலாம். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கிய அரசுத் திட்டம் இது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள், அவர்களில் பழங்குடி இளைஞர்கள் பலர். உதகை அருகே கெய்ர்ன் ஹில் எளிதான பாதை, பிள்ளைகளுக்குப் பொருத்தம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம்.

தனியார் பேருந்தோ வேனோ எடுத்தால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் கைபேசியிலேயே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம், கட்டணம் இல்லை. இடைத்தரகர் யாருக்கும் பணம் தர வேண்டாம். அரசுப் பேருந்தில் போனால் இந்த வேலையே இல்லை. எதில் போனாலும் மலைப்பாதைப் பயணம் பகலிலேயே முடியட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்தில் தடை, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் போதும்.

இரவில் கவனிக்க வேண்டியது

இங்கே மிகவும் கண்டிப்பாக ஒரு விஷயம். குளிருக்காக அடுப்புக்கரி அள்ளிப் போட்ட சட்டியை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தங்கும் அறையை எப்படிச் சூடாக்குகிறார்கள், காற்றோட்டம் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால் ஜன்னல் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

லவ்டேல், குன்னூர்ப் பக்கம் காட்டெருமை, கரடி, சிறுத்தை எல்லாம் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து போகும். எனவே 'நைட் வாக்' என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தால் யார் கூட்டிப் போகிறார்கள், எந்தப் பாதையில் என்று தெரிந்துகொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் வளாகத்துக்குள்ளேயே விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் எழுதுவது எந்த நைட் வாக்கையும்விடப் பிரயோஜனம். மீந்த சாப்பாட்டை வெளியே கொட்டக் கூடாது. கரடியை வரவழைப்பது அதுதான்.

மாணவிகளின் தங்குமிடத்தில் ஆசிரியை தங்குகிறாரா, ஆஸ்துமா, வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடும் பிள்ளைகளின் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதும் படிவத்தில் இருக்க வேண்டியவை. உதகையில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் இந்த எண்களைத் தாளிலும் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள். கிளம்பும் முதல் நாள் 'டிஎன்-அலர்ட்' செயலியிலும் வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியிலும் நீலகிரிக்கு என்ன நிறத்தில் எச்சரிக்கை என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

மலைக்குப் போக முடியாத பள்ளிக்கு

எல்லாப் பள்ளிக்கும் லவ்டேல் கட்டுப்படியாகாது. அதே மூன்று வெப்பமானிகளை உங்கள் ஊரிலேயே வைக்கலாம். ஒன்று ஏரிக்கரையில், ஒன்று பள்ளி வேப்பமரத்தடியில், ஒன்று கான்கிரீட் மொட்டைமாடியில். தலைமையாசிரியர் அனுமதியோடு, பெற்றோர் சிலர் துணைக்கு இருக்க, பள்ளி வளாகத்தில் ஒரு இரவு தங்கினால் போதும். மார்ச் மாதத்தில் செய்து பாருங்கள். நடு இரவிலும் மொட்டைமாடி சூடாகவே இருக்கும், ஏரிக்கரை எப்போதோ குளிர்ந்திருக்கும். எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பிள்ளைகளே எழுதட்டும். வகுப்பறைக் கூரை ஏன் இப்படித் தகிக்கிறது என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்க, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகலாம்.